தூரத்துத் திரையில் ஒரு கசிவு

தூரத்தில் இருக்கும் ஒரு கணினியின் திரையைத் தம் மேஜைக்கே வரவழைத்து, அதன் மவுஸையும் கீபோர்டையும் இருந்த இடத்திலிருந்தே இயக்கும் சௌகரியம் இந்தக் காலத்தில் வெகு சாதாரணமாகிவிட்டது. வங்கிக் கிளையில் பழுதுபட்ட மென்பொருளைத் தலைமை அலுவலகத்துப் பொறியாளர் எழுந்து போகாமலே சரிசெய்கிறார்; வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஊரில் உள்ள தாயாரின் லேப்டாப்பில் பிரிண்டரைப் பொருத்திக் கொடுக்கிறான். ஆனால் இத்தகைய மென்பொருளைத் தினந்தோறும் நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி பரிச்சயமாகியிருக்கும். முதலில் கர்சரின் வடிவம் மாறாமல் அம்புக்குறியாகவே நின்றுவிடுகிறது. பிறகு திரையின் சில பாகங்கள் புதுப்பிக்கப்படாமல் பழைய காட்சியையே காட்டுகின்றன. கடைசியில், இணைப்பு கிடைத்து, பாஸ்வேர்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, வெறும் கறுப்புத் திரை ஒன்றே எதிரே தோன்றுகிறது. அந்தக் கணினி இருக்கும் அறைக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னால், அங்கே ஒரு குறையும் இல்லை. மெமரி ஏராளமாக இருக்கிறது, பிராசஸர் ஓய்ந்திருக்கிறது, திரையும் தெளிவாகவே தெரிகிறது. ரீஸ்டார்ட் செய்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது. சில நாட்களுக்கெல்லாம் அதே கதை மறுபடியும் ஆரம்பமாகிறது.

இந்த வியாதிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கிராபிக்ஸ் வளங்களின் கசிவு. அதன் சுபாவத்தைப் புரிந்துகொள்ள, திரை எப்படித் தூரம் போகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்வது அவசியம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி-ஆரக்கிள் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேஸர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-ல் ஒரு கட்டுரையின் மூலம் உலகுக்கு விவரித்த வி.என்.சி. என்னும் முறையின் ஆதாரத் தத்துவம் மிகவும் எளிமையானது. திரை என்பது புள்ளிகளின் தொகுதி. அதில் எந்தச் செவ்வகம் மாறியதோ அந்தச் செவ்வகத்தின் புள்ளிகளை மட்டும் எதிர்முனைக்கு அனுப்பினால் போதும். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரோடு வெளியிட்ட ஆர்.டி.பி. வேறு வழியை மேற்கொண்டு, புள்ளிகளோடுகூட ‘இங்கே இந்தச் செவ்வகத்தை நிரப்பு, இங்கே இந்த எழுத்தைப் போடு’ என்பவை போன்ற கட்டளைகளையும் அனுப்பியது. இவ்விரண்டில் நான் இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றியே. விண்டோஸ் கணினியில் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வி.என்.சி. சர்வர், தன் வேலையின் தன்மையினாலேயே, இந்த வியாதிக்கு எளிதில் ஆளாகக்கூடியது.

விண்டோஸில் திரை சம்பந்தமான காரியங்களை வெகு காலமாகக் கவனித்து வருவது ஜி.டி.ஐ. எனப்படும் பகுதி. ஒரு நிரலுக்குக் கோடு போடப் பேனா வேண்டும், நிரப்புவதற்குத் தூரிகை வேண்டும், எழுதுவதற்கு ஃபாண்ட் வேண்டும், படத்தை வைத்துக்கொள்ளப் பிட்மேப் வேண்டும், இவற்றையெல்லாம் பிரயோகிப்பதற்கு டிவைஸ் கான்டெக்ஸ்ட் என்னும் வரைதளம் வேண்டும். இந்தப் பொருள்களை விண்டோஸ் நிரலின் கையில் நேரடியாகக் கொடுப்பதில்லை. பெரிய கோவில்களின் வாசலில் செருப்பை உள்ளே வைத்துவிட்டு எண் பொறித்த டோக்கனை நம்மிடம் தருகிறார்களே, அதுபோலப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைக் குறிக்கும் ஹேண்டில் என்ற எண்ணை மட்டும் நிரலிடம் கொடுக்கிறது. டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விடுகிறவர்கள் பெருகினால், அறையில் இடம் தாராளமாக இருந்தபோதிலும், புதிதாக வருகிறவருக்குக் கொடுக்க டோக்கன் இராது. ஹேண்டில் கசிவு என்பது இதுவே. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை முற்றிலும் நிரலை எழுதியவரைச் சேர்ந்தது. அவர் மறந்துவிட்டால் விண்டோஸ் ஞாபகப்படுத்தாது.

வரம்பு எவ்வளவு என்று கேட்டால், ஒரு நிரலுக்குச் சாதாரணமாக 10,000 ஹேண்டில்கள். ஒருவர் லாகின் செய்திருக்கும் ஒரு செஷன் முழுவதற்கும் 65,536. இரண்டாவது எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ஹேண்டிலில் அட்டவணை வரிசையைக் குறிப்பது 16 பிட்கள் மட்டுமே ஆதலால், அதற்குமேல் எண்ணுவதற்கு இடமில்லை. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ன் காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய ஐசுவரியம். அப்போது எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஜி.டி.ஐ.க்கு இருந்த பிரதான இடமே 64 கிலோபைட், அதிலும் ஒரு நிரல் திருப்பிக் கொடுக்காமல் மூடிக்கொண்டால் அந்த இடம் விண்டோஸை விட்டு வெளியேறும் வரையில் யாருக்கும் பயன்படாது. விண்டோஸ் என்.டி. வழியில் வந்தவற்றிலோ, நிரல் முடிந்தவுடன் அது விட்டுச்சென்ற எல்லாவற்றையும் ஆபரேட்டிங் சிஸ்டமே வாரி எடுத்துச் சுத்தம் செய்துவிடுகிறது. இது மிகவும் நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தவுடன் வியாதி மாயமாக மறைவதற்கும், மறைந்துவிட்டதனால் காரணத்தைத் தேட யாரும் சிரமப்படாமல் போவதற்கும் இந்த ஏற்பாடே வழி செய்துவிடுகிறது.

ஒரு சாதாரண நிரல் தினம் சில மணி நேரம் ஓடி மூடப்படுகிறது. அதில் சிறு கசிவு இருந்தால் வரம்பை எட்டுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். தொலைதூரத் திரைக்கான சர்வர் அப்படியல்ல. கணினி எழுந்தபோது எழுந்து, அது உறங்கும் வரையில் உறங்காமல், ஒரே காரியத்தை லட்சக்கணக்கான தடவை செய்துகொண்டே இருக்கிறது. விநாடிக்கு 20 தடவை திரையைப் பிரதி எடுக்கும் சர்வர் தடவைக்கு ஒரு ஹேண்டிலைக் கைவிட்டால், 10,000 என்ற வரம்பை 500 விநாடியில், அதாவது எட்டு நிமிஷம் இருபது விநாடியில், தொட்டுவிடும். இவ்வளவு வேகமான கசிவு, அதை எழுதியவரின் மேஜையிலேயே பிடிபட்டுவிடும். ஆகையால் அதைப்பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இணைப்புக்கு மூன்று ஹேண்டில் வீதம் கசிந்து, நாளைக்கு இருபது இணைப்பு வருமானால், வரம்பை எட்ட ஐந்து மாதத்துக்கும் அதிகமாகும். அதற்குள் கணினியே ஏதாவதொரு காரணத்தால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். உபத்திரவமானது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கசிவு. ஒரு நாளோ மூன்று நாளோ நன்றாக வேலை செய்து, சோதித்துப் பார்க்கிறவரின் பொறுமையை மீறிய பிறகே அது தன் முகத்தைக் காட்டுகிறது.

இந்த நடுத்தரக் கசிவுக்குச் சிறந்த திருஷ்டாந்தம் கர்சர். கர்சரின் படத்தையும் திரையோடு சேர்த்து அனுப்பினால் மவுஸ் அசையும்போது அது தயங்கித் தயங்கி நகருவதாகத் தோன்றுமாகையால், வி.என்.சி. முறையில் கர்சரின் வடிவத்தை மட்டும் தனியே அனுப்பி, பார்க்கிறவரின் கணினியே அதை வரைந்துகொள்ளும்படி ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். இதற்காகச் சர்வர், கர்சரின் வடிவம் மாறும்போதெல்லாம், கெட்ஐகான்இன்ஃபோ என்ற கட்டளையின் மூலம் புதிய வடிவம் எது என்று விண்டோஸைக் கேட்கிறது. பெயரைப் பார்த்தால் ஏதோ விவரம் கேட்கும் கட்டளை என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஒவ்வொரு தடவையும் புதிய பிட்மேப்களைச் சிருஷ்டித்துக் கேட்டவரிடம் ஒப்படைக்கிறது: வண்ணக் கர்சரானால் இரண்டு, கறுப்பு வெள்ளைக் கர்சரானால் ஒன்று. அவற்றை அழிப்பது கேட்டவரின் பொறுப்பு என்று மைக்ரோசாஃப்ட்டின் கையேடு தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் விவரம் கேட்கிறவருக்கு, கேட்டதனாலேயே ஒரு பொருள் தம் கணக்கில் ஏறிவிட்டது என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் தூரத்துக் கணினியில் கடிதம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எழுத்துக்களின்மேல் போகும்போது கர்சர் மெல்லிய நெடுங்கோடாகவும், விளிம்புக்கோ மெனுவுக்கோ வரும்போது அம்பாகவும் மாறுகிறது. அம்பு வண்ணக் கர்சர், கோடு கறுப்பு வெள்ளைக் கர்சர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை போய்வருவதற்கு மூன்று ஹேண்டில் கசியும். மணிக்கு நானூறு தடவை போய்வந்தால், எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வேலை செய்வதற்குள் 10,000 தீர்ந்துபோகும். ஓர் அலுவலக நாளின் அளவு அது. இதில் மிகவும் கவனிக்கத்தக்க விஷயம், இவ்வளவு கசிந்தும் மெமரி எவ்வளவு வீணாகியிருக்கிறது என்பதுதான். கர்சர்கள் 32-க்கு 32 புள்ளி அளவுள்ள சிறு படங்கள். பத்தாயிரமும் சேர்ந்து சுமார் 15 மெகாபைட்தான் ஆகும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு முழுத் திரையின் படமே 8 மெகாபைட்டுக்குமேல் இருக்கும்போது, இந்த நஷ்டம் இரண்டு திரைப் படங்களின் அளவுக்குக்கூட வராது. மெமரியின் வரைபடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு தடயமும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். எந்தச் சரக்கு தீர்ந்ததோ அந்தச் சரக்கை எண்ணவேண்டும்.

அதை எண்ணுவது ஒன்றும் கஷ்டமான காரியமல்ல. நிபுணராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் என்ற பக்கத்துக்குச் சென்று, பத்திகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, ‘ஜி.டி.ஐ. ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொரு நிரலும் எத்தனை ஹேண்டில் வைத்திருக்கிறது என்பது உடனே தெரியும். இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சர்வீஸ் எனப்படும் பின்னணி நிரல்கள் பயனரின் செஷனிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டன, ஆதலால் வி.என்.சி. சர்வர் பொதுவாக ஒன்று சர்வீஸாகவும், மற்றொன்று பயனரின் செஷனில் திரையைப் பார்க்கும் துணை நிரலாகவும், இரட்டையாகவே ஓடும். இரண்டும் ஒரே பெயரில் தோன்றுவதுண்டு. சர்வீஸின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, கசிவே இல்லை என்று தீர்மானித்துவிடக் கூடாது.

மொத்தம் தெரிந்த பிறகு வகை தெரியவேண்டும். நிர்சாஃப்ட்டின் ஜி.டி.ஐ.வியூ என்ற இலவச நிரல், பேனா எத்தனை, தூரிகை எத்தனை, பிட்மேப் எத்தனை, வரைதளம் எத்தனை என்று பிரித்துக் காட்டும். பெருகுவது பிட்மேப் மட்டும் என்றால் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். பிட்மேப்பும் வரைதளமும் சரிசமமாகப் பெருகினால், திரையைப் பிரதி எடுக்கும் பகுதியில் அவை ஜோடியாகப் பிறந்து ஜோடியாகவே கைவிடப்படுகின்றன என்று அனுமானிக்கலாம். இதற்குப் பிறகு செய்யவேண்டியது பரீட்சை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு செய்கையை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இணைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் ஏறுகிறதா? நூறு தடவை கர்சரை எழுத்துக்கும் விளிம்புக்குமாக நகர்த்தினால் முந்நூறு ஏறுகிறதா? திரையின் ரெசல்யூஷனை மாற்றினால்? இணைத்துத் துண்டித்து இணைத்தால்? கணினியை லாக் செய்தால்? ஏறும் எண்ணிக்கை செய்கையின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வருமானால், குற்றவாளி பிடிபட்டதாகவே கொள்ளலாம். மூலநிரலைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பதைவிட, இந்தப் பொறுமையான எண்ணிக்கைக்கே முதலிடம் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அனுபவசாலிகள்கூட ‘இங்கேதான் இருக்கும்’ என்று ஓரிடத்தை ஊகித்து, அங்கே கண்ட சிறு குறையைத் திருத்திவிட்டுத் திருப்தியடைவதுண்டு. உண்மையான துவாரம் வேறிடத்தில் அப்படியே இருக்கும்.

லாக் செய்வதைப் பரீட்சைகளில் சேர்த்ததற்குத் தனியே காரணம் உண்டு. கணினி லாக் ஆகும்போது விண்டோஸ் பயனரின் டெஸ்க்டாப்பை விலக்கி, வேறொரு பாதுகாப்பான டெஸ்க்டாப்பை முன்னே நிறுத்துகிறது. பழைய டெஸ்க்டாப்பிலேயே நிற்கும் நிரல் திரையைப் பிரதி எடுக்க முயன்றால், அந்தக் கட்டளை தோற்றுப்போகும். நிரலை எழுதியவர் பிட்மேப்பை உண்டாக்கி, பிரதி எடுத்து, அனுப்பி, கடைசியில் ஒழுங்காக அழித்தும் இருப்பார். ஆனால் நடுவில் பிரதி எடுக்கும் படி தோற்றால் ‘பிழை’ என்று குறித்துவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடும்படி எழுதியிருப்பார். அழிக்கும் வரி அதற்குக் கீழே இருப்பதால், அதற்கு முறையே வருவதில்லை. பகலெல்லாம் ஒரு துளியும் கசியாத சர்வர், எல்லோரும் வீட்டுக்குப் போய் கணினிகள் லாக் ஆன பிறகு, தோற்றுத் தோற்றுத் திரும்ப முயன்று, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பிட்மேப்பை விட்டுவிட்டு, காலையில் ஆட்கள் வரும்போது கறுப்புத் திரையோடு வரவேற்கும். வெற்றிகரமான பாதையை எத்தனை தடவை சோதித்தாலும் இந்தக் குறை வெளிப்படாது.

இன்னும் இரண்டு நுட்பமான துவாரங்களைச் சொல்லவேண்டும். வரைதளத்தில் பொருத்திய ஒரு பொருளை, அதில் பொருந்தியிருக்கும்போதே டிலீட்ஆப்ஜெக்ட் என்ற கட்டளையால் அழிக்க முயன்றால், அக்கட்டளை தோல்வியையே பதிலாகத் தரும். அழிக்கச் சொன்னோமே என்ற நிம்மதியில் பதிலைப் பார்க்காமல் விடுகிறவர்களே அதிகம். மற்றொன்று, ஒரு நிரலுக்குள்ளேயே தனித்தனியாக ஓடும் வேலை இழைகளான திரெட்கள் சம்பந்தமானது. கெட்டிசி என்ற கட்டளையால் இரவல் வாங்கிய வரைதளத்தை, வாங்கிய திரெட்டே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது விண்டோஸின் விதி. சர்வரிலோ திரையைப் பார்க்கும் திரெட் ஒன்று, ஒவ்வொரு இணைப்பையும் கவனிக்கும் திரெட் மற்றொன்று என்று பல இருக்கும். ஒன்று வாங்கியதை மற்றொன்று திருப்ப முனைந்தால், திருப்பும் வரி நிரலில் கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கு நேராவதில்லை. படிக்கிறவரின் கண்ணை இவை ஏமாற்றிவிடுவதாலும், எண்ணிக்கை அதைச் செய்யாததாலும்தான் நான் எண்ணிக்கையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சிலர் ஒரு சுருக்கு வழியைச் சிபாரிசு செய்வார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு நிரலுக்கான வரம்பை 10,000-லிருந்து 65,536 வரையில் உயர்த்த இடம் இருப்பது உண்மைதான். ஆனால் செஷன் முழுவதற்கும் உள்ள எண்ணிக்கையே அவ்வளவுதான் என்பதை நினைவில் வைத்தால், இதன் அபாயம் விளங்கும். முன்பு கசியும் நிரல் மட்டும் தன் வரம்பில் முட்டி விழுந்தது; இப்போது அது வளர்ந்து வளர்ந்து அட்டவணை முழுவதையும் விழுங்கிவிட்டால், ஒரு பாவமும் அறியாத எக்ஸெலும் பிரௌஸரும் பொத்தான் இல்லாமலும் மெனு இல்லாமலும் தவிக்கும். இரவுதோறும் சர்வீஸைத் தானாகவே நிறுத்தி மறுபடி தொடங்கும்படி ஏற்பாடு செய்வது இதைவிட நல்லது; திருத்திய பதிப்பு வரும் வரையில் அலுவலகத்தை ஓட்டுவதற்கு அதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் எதற்காக அந்த ஏற்பாடு என்பதை எழுதி வைக்காமல் விட்டால், இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறவர் காரணம் தெரியாமல் அதை எடுத்துவிடுவார்.

லினக்ஸில் இயங்கும் எக்ஸ்-வி.என்.சி. சர்வரில் இதே விஷயம் வேறு உருவத்தில் வருகிறது. அங்கே பிக்ஸ்மேப் எனப்படும் படங்களை நிரல்கள் கேட்க, திரையை நடத்தும் சர்வரே அவற்றைத் தன் மெமரியில் வைத்துக் காக்கிறது. ஆதலால் மாதக்கணக்கில் ஓடும் ஒரு செஷனில் ஏதோ ஒரு சிறு நிரல் படங்களைக் கைவிட்டுக்கொண்டே இருந்தால், கொழுத்துப்போவது சர்வரின் கணக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எக்ஸ்ரெஸ்டாப் என்ற கருவி, எந்த நிரலின் பேரில் எத்தனை பிக்ஸ்மேப் என்று காட்டி உண்மையை வெளிப்படுத்திவிடும்.

கசிவைத் தடுக்கும் வழிகளில் மிகச் சிறந்தது, திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை மனிதரின் ஞாபகசக்தியிடம் விடாமல் மொழியிடமே ஒப்படைத்துவிடுவதுதான். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒவ்வொரு ஹேண்டிலையும் ஒரு சிறு கிளாஸுக்குள் அடைத்து, அந்தப் பொருள் தன் எல்லையை விட்டு நீங்கும்போது டிஸ்ட்ரக்டரே ஹேண்டிலை அழிக்கும்படி எழுதிவிட்டால், நடுவில் எத்தனை இடத்தில் பிழை நேர்ந்து திரும்பினாலும் கணக்கு நேராகவே இருக்கும். குப்பையைத் தானே அள்ளிக்கொள்ளும் சி ஷார்ப் போன்ற மொழிகளில் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பது தவறு. அங்கே கார்பேஜ் கலெக்டர் மெமரியின் நெருக்கடியைப் பார்த்தே வேலை செய்கிறது. ஹேண்டில் தீர்ந்துகொண்டிருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. 2012-ல் விண்டோஸ் 8 கொண்டுவந்த டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் முறை திரையை ஜி.டி.ஐ.யின் வழியாகப் பிரதி எடுக்காமல், கிராபிக்ஸ் கார்டிலிருந்தே கொடுக்கிறது. கர்சரின் வடிவத்தையும் நிரல் காட்டும் இடத்தில் எழுதிவிடுவதால், அழிக்கவேண்டிய பிட்மேப் என்ற பிரச்சினையே எழுவதில்லை. இருந்தாலும் வாங்கிய ஒவ்வொரு ஃபிரேமையும் விடுவிக்கும் கடமை அங்கும் உண்டு. அதில் தவறினால் ஜி.டி.ஐ. பத்தியில் ஒரு மாற்றமும் காட்டாமலே வேறு வகையான பழுது உண்டாகும்.

திருத்தியாகிவிட்டது என்று எப்போது நம்புவது? புதிய பதிப்பைப் போட்டவுடன் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு திகிலடைய வேண்டாம். ஃபாண்ட், தூரிகை முதலியவற்றை மறுபடி பயன்படுத்துவதற்காகச் சேமித்து வைப்பது நல்ல நிரல்களின் வழக்கம், ஆகவே முதல் சில நிமிஷங்களில் ஓர் ஏற்றம் இருக்கத்தான் செய்யும். அது ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா என்பதே கேள்வி. ஐம்பதாவது இணைப்பைத் துண்டித்த பிறகு காணும் எண்ணும் நூறாவது இணைப்பைத் துண்டித்த பிறகு காணும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அது சேமிப்பு. கூடிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது. மூலநிரலைத் தொடாத சாதாரணப் பயனரும் இந்தப் பரீட்சையைச் செய்யலாம். மென்பொருளை உருவாக்கியவர்களுக்குப் புகார் எழுதும்போது, ‘அடிக்கடி தொங்கிவிடுகிறது’ என்று மட்டும் எழுதாமல், பதிப்பின் எண், விண்டோஸின் எண், காலையில் இருந்த ஜி.டி.ஐ. எண்ணிக்கை, மாலையில் இருந்த எண்ணிக்கை, இடையில் கணினி லாக் ஆகியிருந்ததா, எந்தச் செய்கைக்கு எத்தனை ஏறியது என்ற இவ்வளவையும் நாலு வரியில் எழுதி அனுப்பினால், அந்தத் துவாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று அவர்கள் அன்றைக்கே தேட ஆரம்பிக்கலாம்.